எங்கள் தெரு கொட்டாவி விட்ட காலை

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன்.

தொன்னையை வாங்கிக்கொண்ட எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "இன்னாக்கா விசேஷம்?" பையனுக்கு வரன் அமைந்துவிட்டதா, பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா... ஆளுக்கொரு ஊகம். கோடி வீட்டுக்காரர் மட்டும், "சாருக்கு ஷுகர் கொறஞ்சிடுச்சா?" என்று விசாரித்தார். சர்க்கரைப் பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது?

"நாய் குரைச்சுதுங்க. அதான்" என்றேன்.

வெளியூர்க்காரராக இருந்தால் என்னை ஏற இறங்கப் பார்த்திருப்பார். எங்கள் தெருவில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை. "ஆமாங்க்கா, நானும் கேட்டேன். நல்லா கணீர்னு இருந்துது" என்று ஒரு அம்மாள் கண்கூடக் கலங்கினார். ஏன் என்று சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்த நாயை என்னிடம் கொண்டுவந்து விட்டது ஸ்டெல்லா. பள்ளியில் டீச்சர். மாலையிலும் லீவு நாளிலும் அடிபட்ட, கைவிடப்பட்ட பிராணிகளைத் தூக்கிவந்து முசரவாக்கத்தில் தன் வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்கிற பெண். கொட்டகை நிறைந்துவிட்டால் தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஒன்றாகத் தள்ளிவிடுவாள். நாய்களைப் பற்றி, வாரா வாரம் வரும் இந்தப் பத்தியில் நான் உருகி உருகி எழுதியிருந்தேன் அல்லவா... அதைப் படித்துவிட்டு நேராக வண்டியோடு வந்து நின்றாள். எழுதுகிறவர்கள் ஜாக்கிரதையாக எழுத வேண்டும்.

கருப்பு நாய். முதுகின் ஓரத்தில் மட்டும் பொன்னிறமாக ஒரு கோடு. பார்த்த உடனே என் கணவர் 'ஜரிகை' என்று பெயர் வைத்துவிட்டார். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு குடோனில் சங்கிலியில் கிடந்தவளாம். அங்கே இருந்த ஆள் எதற்கெடுத்தாலும் இரும்புக் குழாயால் அடிப்பானாம். குடோனைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் இவளை அவிழ்த்துவிடக்கூட மறந்து போய்விட்டார்கள். ஸ்டெல்லாதான் சங்கிலியை அறுத்துத் தூக்கி வந்திருக்கிறாள்.

"புண்ணு எல்லாம் ஆறிடுச்சு ஆன்ட்டி. மனசுதான் ஆறல. அதை நீங்க பாத்துக்கணும்."

"அதுக்கென்னம்மா? நல்லாக் கொஞ்சி, பேசி..."

"அய்யோ, அதெல்லாம் கூடாது. தொடாதீங்க. நேராப் பாக்காதீங்க. கூப்பிடாதீங்க."

"அப்ப என்னதான் பண்றது?"

"சும்மா இருங்க."

நீங்களே சொல்லுங்கள். வாரா வாரம் உங்களோடு பேசுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒருத்தியிடம் சொல்கிற வார்த்தையா இது? என் முகம் தொங்கிப் போனதைப் பார்த்து, பாவம், எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தாள். ஜரிகைக்குக் கொஞ்ச தூரத்தில் தரையில், முதுகைக் காட்டி உட்கார வேண்டும். உட்கார்ந்து, மெதுவாக ஒரு கொட்டாவி விட வேண்டும்.

"நாய்ங்க பாஷையில அதுக்கு 'எனக்கு உன்மேல கோவம் இல்ல'ன்னு அர்த்தம் ஆன்ட்டி. சிரிக்காதீங்க, பல்லு தெரிஞ்சா பயப்படும்."

ஜரிகை பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் குடியேறினாள். நாங்கள் எல்லோரும் தூங்கிய பிறகுதான் சாப்பிடுவாள். குரைக்கவே மாட்டாள். வாசலில் யார் வந்தாலும், பூனை குறுக்கே போனாலும், ஒரு சத்தம் இல்லை. குரைத்தால் அடி விழும் என்று பழகியிருக்கிறாள் என்றாள் ஸ்டெல்லா. அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீளமாக எது தெரிந்தாலும் அவளுக்கு உயிர் போய்விடும். துடைப்பம், குடை, ஒட்டடைக் குச்சி, ஏன், குழம்புக் கரண்டிகூட. எல்லாவற்றையும் மாடிக்குக் கடத்தினோம். என் கணவர் பழந்துணியை வைத்துக்கொண்டு குந்தியபடியே வீடு முழுக்கப் பெருக்கினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொல்லி அவர் துடைப்பத்தைத் தொட்டதில்லை. ஒரு நாய் சொல்லாமலே பெருக்க வைத்துவிட்டது.

இங்கேதான் எதிர்வீட்டுக் காஞ்சனா வருகிறாள். கணவர் ஏகாம்பரம் நெசவாளர். காஞ்சனாவும் தறி நெய்வாள். மீதி நேரத்தில் தெருவை நெய்வாள். யார் வீட்டில் என்ன என்பது அவளுக்குத் தெரியாமல் நடக்காது.

"எக்கா, இது பயந்த கோளாறு. எங்க வூட்டுல கொழந்தைங்க பயந்துக்கினா வேப்பிலை அடிப்போம். சட்டுனு தெளிஞ்சிடும். நாயா இருந்தா இன்னா, அதுவும் பச்சப் புள்ளதானே?"

அவள் அன்பில் எந்தக் குறையும் இல்லை. நானும் சரி என்று தலையாட்டினேன். மறுநாள் தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு காஞ்சனா வந்தாள். கையில்... தன் உயரத்துக்கு ஒரு வேப்பங்கிளை. கம்புக்குப் பயந்த நாய்க்கு வைத்தியம் செய்ய, மரத்தில் பாதியை ஒடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் கிளையை ஒருமுறை ஓங்கியதுதான் தெரியும். ஜரிகை பீரோவின் சந்தில் இன்னும் உள்ளே போய், தரையோடு தரையாக ஒட்டி, படுத்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். காஞ்சனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கிளையைப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். அவள் பேசாமல் போய் நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு ஜரிகைக்குக் காஞ்சனாவின் குரல் கேட்டாலே நடுக்கம்.

ஸ்டெல்லா வந்து பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஆன்ட்டி, தீபாவளி வருது. இப்பவே இப்படின்னா வெடிச் சத்தத்துல இவ மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிப்பா. தென்னேரி பக்கம் ஒரு தோட்டம் இருக்குது. ஆள் நடமாட்டம் கிடையாது. வேளைக்குச் சோறு போடுவாங்க. அதுக்குள்ள தேறலைன்னா அங்க கொண்டுபோய் விட்டுடலாம்."

"அங்க யார்கூட இருப்பா?"

"யார்கூடவும் இல்ல. பயம் இருக்காது, அவ்வளவுதான்."

பயம் இல்லை, ஆனால் ஒருவரும் இல்லை. அதுவும் ஒரு சங்கிலிதானே? அவளை அனுப்ப எனக்கு மனசே இல்லை. வைத்துக்கொள்ளத் துணிச்சலும் இல்லை. தீபாவளியோ நெருங்கிக்கொண்டே வந்தது.

இந்த இடத்தில், வெளியூர் வாசகர்களுக்காக எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம். புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற இழைகளைப் பாவு என்பார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் அந்தப் பட்டுப் பாவை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இடையிடையே மூங்கில் கழிகளால் முட்டுக் கொடுத்து, அறுந்த இழைகளை முடிந்து சரிசெய்வார்கள். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் பைக்கை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். நாயோ ஆடோ குறுக்கே வந்துவிடாமல் விரட்ட ஒருவர் கம்போடு காவல் நிற்பார். எதிர்வீட்டுப் பாவுக்கு யார் காவல்? காஞ்சனாதான்.

ஒரு நாள் காலை ஏகாம்பரம் போட்டிருந்தது கல்யாணப் புடவைக்கான பாவு. அரக்குச் சிவப்பு. தெருவே மங்களகரமாக இருந்தது. அதிசயமாக அவ்வளவு சீக்கிரமே எங்கள் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி, கேட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காலி சிலிண்டரைத் தரையில் 'டங்'கென்று போட்டான். இரும்புச் சத்தம். ஜரிகை என் காலைத் தாண்டி, கேட்டைத் தாண்டித் தெருவில் பாய்ந்துவிட்டாள்.

தெருவில் எங்கே பார்த்தாலும் கழி. ஒதுங்க இடமில்லாமல், நடுத்தெருவில் பாவுக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டாள். அவள் தலைக்கும் பட்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

காஞ்சனாவின் கை பழக்கத்தில் கம்பை ஓங்கிவிட்டது. ஜரிகை எழுந்திருக்கப் பார்த்தாள்.

"ஓங்காதடி" என்றார் ஏகாம்பரம், அடிக்குரலில். "எகிறினா பாவு போச்சு."

நைட்டியும் தோளில் துண்டுமாக நான் வாசலில் நிற்கிறேன். ஜரிகை துள்ளினால் ஏகாம்பரத்தின் பாவு போகும். அதோடு என் வீட்டில் அவள் இருப்பதும் போகும். எந்த முகத்தோடு நான் வைத்துக்கொள்வேன்? எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தைதான்.

"எல்லாரும் உக்காருங்க. கம்ப கீழ வச்சிட்டு, முதுகக் காட்டி உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். நாய்க்காக இல்லை, பாவுக்காக. ஏகாம்பரம், இழை முடிந்துகொண்டிருந்த மற்ற நெசவாளர்கள், கேஸ் தம்பி, வாயில் பிரஷோடு வந்த என் கணவர் எல்லோரும் நடுத்தெருவில் அவரவர் இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். காஞ்சனாவும் கம்பைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப மெதுவா கொட்டாவி விடுங்க."

"இன்னாது?"

"கொட்டாவிங்க. நாய்க்குக் கோவம் இல்லைன்னு தெரியணும்."

"வராம எப்படிக்கா விடறது?" என்றார் ஏகாம்பரம். நியாயமான கேள்விதான். நானும் தெருவில் உட்கார்ந்து ஒன்று விட்டுக் காட்டினேன். என் கணவர் பிரஷை எடுத்துவிட்டு அடுத்ததை விட்டார். கொட்டாவிதான் தொற்றிக்கொள்ளுமே... அப்படியே தெருமுனை வரை போய்விட்டது. "வரலக்கா, வரல" என்று முனகிக்கொண்டிருந்த காஞ்சனாவுக்கு வர ஆரம்பித்ததும் நிற்கவே இல்லை.

பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பையன் மிரண்டு போய், "இன்னாண்ணா, மறியலா?" என்றான்.

"உக்காரு நைனா. கொட்டாவி வுடு" என்றார் ஏகாம்பரம். அவனும் உட்கார்ந்து ஹெல்மெட்டுக்குள்ளேயே ஒன்று விட்டான்.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். ஜரிகையின் நடுக்கம் நின்றிருந்தது. கம்பு வைத்திருக்கிற கூட்டம் ஒன்று தன் முன்னால் உட்கார்ந்து அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு அவளும் வாயைப் பிளந்து, நாக்கு சுருள, நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள்.

வயிறு தரையில் உரசத் தவழ்ந்து வெளியே வந்தாள். ஒரு இழைகூட அசையவில்லை. என்னிடம்தான் வருகிறாள் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். காஞ்சனாவின் பக்கத்தில் கிடந்த கம்பை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மோந்து பார்த்தாள். அதைத் தாண்டினாள். காஞ்சனாவின் முதுகில் தன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"எக்கா..." காஞ்சனா கூப்பிட்டாள். திரும்பாமலே பேசினாள். "எம்மேல சாஞ்சுக்கினு இருக்குது. நான் இன்னாக்கா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாத. சும்மா இரு."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்குப் பொறாமை பற்றி எரிந்தது. சோறு போட்டவள் நான். கொட்டாவி விட்டு விட்டுத் தாடை வலி வந்தவள் நான். சாய்வதற்கு அவள் முதுகா? ஆனாலும் அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

அன்றிலிருந்து காஞ்சனா கம்பைத் தொடுவதில்லை. பாவு போடுகிற காலைகளில் ஜரிகையும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். சாப்பாடு என் வீட்டில், உத்தியோகம் எதிர்வீட்டில்.

சென்ற வெள்ளிக்கிழமை காஞ்சனா டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ ஒரு ஆடு பாவை நோக்கி வந்திருக்கிறது. ஜரிகை எழுந்தாள். குரைத்தாள். கணீரென்று, ஒரே ஒரு தடவை. ஆடு ஓடிவிட்டது. ஆனால் தன் குரலைக் கேட்டு அவளே பயந்துவிட்டாள். காதை மடக்கி, கண்ணை இடுக்கி, விழப்போகிற அடிக்காகக் காத்து நின்றாள்.

யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஏகாம்பரம் உட்கார்ந்தார். டீ டம்ளரோடு காஞ்சனா உட்கார்ந்தாள். தெருவே உட்கார்ந்தது.

ஜரிகை மெல்லக் கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்தாள். பிறகு ஆடு இல்லாத திசையைப் பார்த்து இன்னொரு தடவை குரைத்தாள். எந்தக் காரணமும் இல்லாமல், சும்மா. நான் உள்ளே ஓடிப்போய் அரிசியும் பருப்பும் களைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா வண்டியோடு வந்தாள். தென்னேரித் தோட்டத்தில் சொல்லி வைத்துவிட்டாளாம். நான் வாயைத் திறப்பதற்குள் காஞ்சனா முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் அனுப்ப முடியாதும்மா. அதுக்கு இங்க வேலை இருக்குது."

"வெடி வெடிப்பாங்களே அக்கா?"

"வெடிக்கட்டும். கோடியில மைதானம் இருக்குது, அங்க போயி வெடிக்கட்டும். தெருவுல பேசி முடிச்சாச்சு."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் ஜரிகையைப் பார்த்தேன். அவள் எங்கள் மூவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, நிதானமாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகவே வாசகர்களே, இந்தப் பத்தியைப் படிக்கும்போது கொட்டாவி வந்தால் தயவுசெய்து அடக்க வேண்டாம். பக்கத்தில் யாராவது பயந்துபோய் உட்கார்ந்திருக்கலாம்.