ஒரு கை பிடிங்க

அவளை எல்லாரும் இஸ்திரியக்கா என்றே கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற வேலை. புருஷன் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் சொன்ன எதற்கும் அவர் "சரி" என்றதே கிடையாது. ஜன்னலைச் சாத்தச் சொன்னால்கூட எதிர்வாதம் வரும்.

ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பக்கவாதம் வந்து விழுந்தார். உயிர் தங்கியது. வலப்பக்கம் செயலிழந்தது; பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே வார்த்தை: "சரி". பசித்தாலும் "சரி", வலித்தாலும் "சரி". சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும், அர்த்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர்.

அவள் போகிற சர்ச்சின் சபையார் அதை ஏற்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெபக்குழு பத்துப் பேராக வீட்டுக்கு வந்து இறங்கும். இருக்கிற மூன்று நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, டீயும் போட வேண்டும். கர்த்தருடைய சித்தத்துக்கு எப்படித் தன்னை ஒப்புக்கொடுத்திருக்கிறார் பாருங்கள் என்று குழுத்தலைவி கண்ணைத் துடைப்பார். ஓய்வு பெற்ற டீச்சர் அவர். கட்டிலிலிருந்து "சரி" என்று வரும். முதுகுப் புண் எரிகிறபோது வருகிற "சரி" அது என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். மறைத்த பாவம் என்றார் ஒருவர், குறைந்த விசுவாசம் என்றார் இன்னொருவர். இது சோதனை, பொன்னை நெருப்பில் போட்டுத்தானே சுத்தம் பண்ணுவார்கள் என்றார் டீச்சர். பன்னிரண்டு வருஷமாக நீராவியில் வெந்த கைகளால் அவள் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவளும் ஜெபிக்காமல் இல்லை. விரிப்பு மாற்றும்போதே வாய்விட்டுக் கேட்பாள்: "ஆண்டவரே, பரீட்சைன்னா மூணு மணி நேரத்துல பேப்பரைப் பிடுங்கிடுவாங்க. நீங்க என்னடான்னா வெள்ளைத்தாளா நீட்டிக்கிட்டே இருக்கீங்க."

"சரி" என்பார் கட்டிலில் இருப்பவர்.

"உங்ககிட்ட கேக்கல."

எட்டாவது ஞாயிறு குழுவிலிருந்த வெல்டர் ஒருவர் ஜெபித்துக்கொண்டிருந்தார். குரலுக்காகவே அவருக்கு இடிமுழக்கம் என்று பேர். பாதியில் படுக்கை நனைந்துவிட்டது. நாற்றம் எல்லார் மூக்கிலும் ஏறியது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை. புருஷன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. நடுவிலேயே உரக்க "ஆமென்" என்றாள். எல்லாரும் விழித்தார்கள்.

"இவர் நனைஞ்சு கெடக்கார். முதுகெல்லாம் புண்ணு. ரெண்டு பேர் இருந்தாதான் ஒழுங்கா புரட்ட முடியும். யாராவது ஒரு கை பிடிங்க. முடியாதுன்னா, இது என்ன சோதனைன்னு சொல்றதுக்கு இனிமே வராதீங்க."

அவளுக்குள் கசப்பு புகுந்துவிட்டது என்று சொல்லி டீச்சர் பையை எடுத்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். வெல்டர் தலை குனிந்து கடைசியாகப் போனார். அவள் தனியாகவே புரட்டித் துடைத்தாள். சொன்னதற்கு வருத்தப்பட வேண்டுமோ என்று பார்த்தாள். வருத்தம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்புமுன் வாசலில் வெல்டர் நின்றார்.

"எனக்கு ஜெபம் பண்ணத்தான் தெரியும்க்கா. புரட்டத் தெரியாது. சொல்லிக்குடுங்க."

கோபம் தணியாமலே, முதலில் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள். ஒரு கை தோளுக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில் என்று காட்டினாள். முதல் தடவை அவர் தப்பாகப் பிடித்ததில் டிரைவர் அலறினார். மூன்றாம் நாள் கை பழகியது. அடுத்த வாரம் அவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். அவர்களுக்குள் முறை போட்டுக்கொண்டார்கள். டீச்சர் மட்டும் வரவில்லை. வேறொருவர் கையில் ஒரு ரப்பர் விரிப்பு கொடுத்தனுப்பினார். நேரில் வந்தால் என்னவாம் என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் அதை விரித்தாள்.

புண் ஆறியது. நடை திரும்பவில்லை. டிரைவர் இன்னும் மூன்று வருஷம் இருந்தார். ஏன் இப்படி என்பதற்கு அவளுக்குப் பதில் வரவே இல்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போனாள், ஆண்டவரிடம் நேரிலேயே கேட்டுவிடுவதற்கு.