அடுத்த பங்குனிக்கு ஒரு வலை

எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் மழையை விரும்பிய ஆட்கள் மூன்றே பேர்தான். மற்ற எல்லோருக்கும் மழை என்றால் வயிறு எரியும். வெளுத்த துணியைக் கம்பெனிக்குப் பின்னாலிருந்த பொட்டலில் கம்பு நட்டுக் கயிறு கட்டித்தான் காயப்போடுவார்கள். ஐப்பசியில் வானம் மூடிக்கொண்டால் துணி காயாது. துணி காயாவிட்டால் உள்ளே உட்கார்ந்து வெட்டி, மடித்து, சுருட்டிக் கட்டுகிற எங்களுக்கு வேலை கிடையாது, கூலியும் கிடையாது. முதலாளி வாசலில் நின்று மேலே பார்த்து முனகுவார். அவர் முனக முனக, மடிப்பு மேசையில் நாங்கள் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்போம். பெய்தால் கண்மாய் பெருகும், பெருகினால் பங்குனியில் வற்றும், வற்றினால் மீன் பிடிக்கப் போகலாம். எங்கள் கணக்கு அதுதான்.

மூன்று பேரில் ஒருத்தி சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். இன்னொருத்தி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து. நான் இராஜபாளையத்திலேயே இருப்பவள், நடந்தே வந்துவிடலாம். அப்படியும் தினமும் கடைசியாக உள்ளே நுழைகிறவள் நான்தான். கம்பெனியில் எங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் சேத்தூர்க்காரி, இவள் வில்லிபுத்தூர்க்காரி, நான் உள்ளூர்க்காரி. எண்பதுகளின் கடைசி அது. மூன்று பேருக்கும் கல்யாண வயது. மூன்று வீட்டிலும் ஜாதகம் வெளியே போய்வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். பேசுவதற்கு எங்களுக்குக் கண்மாய் இருந்தது.

ஆரம்பித்து வைத்தவள் சேத்தூர்க்காரி. அவள் ஊர்க் கண்மாயில், குத்தகைக்கு எடுத்தவர் பெரிய வலை போட்டுப் பிடித்து முடித்த பிறகு, முட்டளவுக்கு மிஞ்சிக் கிடக்கும் தண்ணீரை ஊருக்கு விட்டுவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் இறங்கலாம். ஆண்கள் அடியில்லாத கூடையைத் தண்ணீரில் கவிழ்த்துக் கவிழ்த்து, மேலே கைவிட்டு விரால் தேடுவார்கள். பெண்கள் ஓரத்தில் பழைய சேலையை விரித்துப் பிடிப்பார்கள். சேலைக்கு மூன்று ஆள் வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடிக்க, ஒருத்தி எதிரேயிருந்து சேற்றைக் காலால் கலக்கிக்கொண்டே வந்து மீனை அதற்குள் விரட்ட வேண்டும். அவள் வீட்டில் அக்காக்கள் எல்லாம் கட்டிக்கொண்டு போய்விட்டதால் ஆள் தேடிக்கொண்டிருந்தாள். நாங்கள் அகப்பட்டோம்.

கலக்குகிற வேலை எனக்கு வந்தது. என் கால் அப்படி, பெரிய பாதம். அதை வைத்து அந்த இரண்டு பேரும் வருடம் முழுக்க என்னைக் கேலி செய்தார்கள். நீ நடந்தாலே சேத்தூர்க் கம்மா கலங்கிரும், தனியா இறங்க வேற வேணுமா என்பார்கள். எனக்குக் கோபம் வரும். ஆனால் முதல் தடவை அந்தச் சேற்றில் இறங்கியபோது, கால் விரல்களுக்கு நடுவே அயிரை நழுவி ஓடியதும் நான் போட்ட கூச்சலில் கரையில் நின்ற மாடு திரும்பிப் பார்த்தது. இருபது வயதுக்கு மேல் அப்படிக் கூச்சல் போட எனக்கு வேறு எங்கேயும் இடம் இருந்ததில்லை. வீட்டில் வாய்விட்டுச் சிரித்தாலே ஏன் என்று கேட்பார்கள்.

சேலையை விட நம் கம்பெனித் துணி நல்லது என்று கண்டுபிடித்தவள் வில்லிபுத்தூர்க்காரி. மூளைக்காரி. சேலையில் தண்ணீர் நின்றுகொண்டு கனக்கும், தூக்குவதற்குள் பாதி மீன் குதித்துவிடும். பேண்டேஜ் துணி கண் கண்ணாக இருக்கும், தண்ணீர் சட்டென்று வடிந்துவிடும். கழிவுத் துணியை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கினோம். எதற்கு என்றார். வீடு துடைக்க என்றோம். அதை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்து, கிழியாமல் இருக்க நாலு ஓரத்திலும் எங்கள் பழைய சேலைக் கரைகளைக் கொடுத்து மூட்டினோம். பச்சைக் கரை என்னுடையது.

அதிலும் முதல் வருடம் மானம் போயிற்று. நாங்கள் எடுத்துப் போனது நன்றாக வெளுத்த துணி. தண்ணீருக்குள் விரித்ததும் பளீரென்று கிடந்தது. ஒரு மீன்கூடப் பக்கத்தில் வரவில்லை. சேத்தூர்ப் பெண்கள் எல்லாம் தங்கள் வேலையை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். மீனுக்குக் கட்டுப் போட வந்திருக்காகளா என்று ஒரு பெரியம்மா கேட்டார். பிறகு அதையே சேற்றில் போட்டு மிதித்து எடுத்துத்தான் கொஞ்சம் அயிரையும் கெண்டையும் பிடித்தோம். கெளுத்தி ஒன்று என் கையில் முள்ளை இறக்கிவிட்டது. வலையின் ஓரத்தைக் கிழித்துத்தான் கட்டுப் போட்டார்கள். நாங்கள் மடித்த துணி எங்களுக்கே கட்டுப் போடப் பயன்பட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

குழம்பு சேத்தூர்க்காரி வீட்டில். அவள் அம்மா மண்சட்டியில் கூட்டி வைத்துவிட்டு, பிள்ளைக பசியோட இருக்கு என்று எங்களுக்குத்தான் முதலில் ஊற்றுவார். கை காயுமுன்பே அடுத்த வருடப் பேச்சு ஆரம்பித்துவிடும். வெளுக்காத துணியாக வாங்க வேண்டும். முனையில் கல் கட்ட வேண்டும். காலையில் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட வேண்டும், ஆண்கள் இறங்கிக் கலக்குவதற்கு முன்பே மடைப் பக்கத்து இடத்தைப் பிடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வருடம் முழுக்க மடிப்பு மேசையில் அதே பேச்சுதான். வலை ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது என்பதால் ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தைக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு பக்கமாகத் தைப்போம். ஊசி போகும்போது, வாரேன் என்று யாரும் சத்தியம் செய்ததில்லை. தைத்தால் வருவாள் என்று அர்த்தம்.

மூன்று பங்குனி அப்படிப் போயிற்று. நாலாவதுக்கு முன்பாக, ஆவணியில், வில்லிபுத்தூர்க்காரிக்கு மாப்பிள்ளை அமைந்தது. பம்பாயில் வேலை. கையோடு அடுத்த முகூர்த்தத்திலேயே முடித்துக் கூட்டிப் போகலாம் என்றார்கள். இவள் வீட்டில் சம்மதித்துவிடுகிற மாதிரி இருந்தது. இவள்தான் ஒற்றைக் காலில் நின்றாள். பங்குனி உத்திரத்தில் கோயிலில் தாயாருக்குக் கல்யாணம் நடக்கும். பிறந்ததிலிருந்து ஒரு வருடம் விடாமல் பார்த்திருக்கிறேன், போகுமுன் இந்த வருடமும் பார்க்க வேண்டும், தாயாருக்கு முடியட்டும், எனக்குப் பிறகு முடியுங்கள் என்று அழுதிருக்கிறாள். அவள் அம்மாவுக்கு மகளின் பக்தியில் உருகிவிட்டதாம். மாப்பிள்ளைக்கும் கோடையில் லீவு கிடைக்கும் என்பதால் வைகாசிக்குப் பேசி முடித்தார்கள்.

எங்களிடம் வந்து சொன்னபோது அவள் முகத்தில் ஒரு பக்தியும் இல்லை.

"வைகாசியிலதாம்ட்டி கல்யாணம். இன்னும் ஒரு கம்மாயப் பாத்துட்டுத்தான் போவேன்" என்றாள்.

அன்று மத்தியானமே வலையைத் தைக்க ஆரம்பித்தாள்.

அந்த வருடம் மழை பெய்யவில்லை. ஐப்பசியில் நாலு தூறல். கார்த்திகையில் மேற்கு மலை மேலே மேகம் வந்து நிற்கும், நாங்கள் சன்னலுக்கு ஓடுவோம், அது அப்படியே கேரளாப் பக்கம் போய்விடும். பொட்டல் முழுக்கத் துணி காய்ந்து மொடமொடவென்று கிடந்தது. கம்பெனியில் வேலை குவிந்தது. முதலாளி சிரித்த முகமாகவே இருந்தார். எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. பாவம், அவர் என்ன செய்வார். மேசையில் நாங்கள் மழையைப் பற்றிப் பேசுவதை மெல்ல விட்டுவிட்டோம். வில்லிபுத்தூர்க்காரி மட்டும் தைப்பதை விடவில்லை. தன் பக்கத்தை முடித்துவிட்டு என் பக்கத்தையும் வாங்கித் தைத்தாள்.

பங்குனியில் ஒரு ஞாயிறு, முதல் பஸ்ஸில் சேத்தூரில் வந்து இறங்கினாள். கையில் வலை இருந்தது. நானும் போயிருந்தேன். வா என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

கண்மாய் வெடித்துக் கிடந்தது. மடைக்குப் பக்கத்தில் ஆடுகள் மேய்ந்தன. நாங்கள் கரையிலிருந்து இறங்கி நடுக் கண்மாய் வரைக்கும் செருப்புப் போட்டுக்கொண்டே நடந்துபோனோம். மூன்று வருடமாகப் பார்த்த இடம், அதன் தரையை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தோம். ஒரு கருவேல மரத்து நிழலில் உட்கார்ந்தோம். வழியெல்லாம் அழுகையை அடக்கிக்கொண்டு வந்த எனக்கு, அங்கே உட்கார்ந்ததும் யார் மேல் என்று தெரியாத கோபம் வந்தது. பெய்யாத மழை மேலா, பம்பாய் மேலா, தெரியவில்லை.

அவள் வலையை மடியில் விரித்துவைத்து, அடுத்த வருடத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள். அடுத்த வருசம் மடைக்கிட்ட வேண்டாம், அந்தா தெரியுதுல்ல பள்ளம், வத்துறப்ப தண்ணி கடைசியா அங்கதான் நிக்கும், விரால் அம்புட்டும் அதுலதான் ஒதுங்கும் என்றாள். தரை தெரிந்ததால் அவளுக்கு இதெல்லாம் தெரிந்தது. யார் எந்தப் பக்கம் நிற்பது, நான் எங்கேயிருந்து கலக்கிக்கொண்டு வருவது என்று எழுந்து நடந்தே காட்டினாள். சேத்தூர்க்காரி சரி சரி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் எந்தக் கல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டேன். வைகாசியைப் பற்றி மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. வெயில் ஏறிய பிறகு கிளம்பினோம். வலையை அவள் சேத்தூர்க்காரியிடம் கொடுத்தாள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

அந்த ஐப்பசியில் கொட்டிற்று. பஸ் நின்று, ரோட்டில் தண்ணீர் ஓடி, சேத்தூர்க் கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தது. முதலாளி வாசலில் நின்று முனகினார். மேசையில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிப்பு வரவில்லை.

பங்குனியில் போனோம். இரண்டு பேர்தான் என்பதால், வலையின் ஒரு முனையைக் கம்பு ஒன்றை ஊன்றி அதில் கட்டலாம் என்றாள் சேத்தூர்க்காரி. வில்லிபுத்தூர்க்காரி காட்டிய பள்ளத்துக்கே போனோம். அவள் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. மூன்று வருடத்தில் பிடித்ததை விட அன்றைக்குப் பிடித்தது அதிகம். இரண்டு விரால், கை கொள்ளாத தடிமன். பக்கத்துப் பெண்கள் பொறாமையாகப் பார்த்தார்கள். நான் கலக்கிக்கொண்டே போகும்போது எதிரே அந்தக் கம்பு நின்றது. ஏட்டி, மெதுவாப் போ, சேத்த என் மூஞ்சியிலயா எத்துவ என்று அது திட்டாது. கம்பு மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் இல்லாமல் எனக்கு அங்கே பிடிக்கவில்லை. அவ்வளவுதான். குழம்பு ஊற்றும்போது சேத்தூர்க்காரியின் அம்மா மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்தார். அன்றைக்கு அடுத்த வருடத்தைப் பற்றி நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

பிறகு சேத்தூர்க்காரி புளியங்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள். எனக்கு உள்ளூரிலேயே மில் வேலைக்காரர் ஒருவரோடு முடிந்தது. கம்பெனி வேலையை விட்டேன். அவருடைய ஷிப்டுக்கு ஏற்ப உலை வைக்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டவும் பொழுது சரியாக இருந்தது. சேத்தூர் பஸ் எங்கள் தெருமுனை வழியாகத்தான் போகும். அதில் ஏறிப் போக ஒரு காரணமும் எனக்கு வாய்க்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் யாரோ என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் அவள். உடம்பு போட்டிருந்தது, காதோரம் ஒன்றிரண்டு நரை. பம்பாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவள். புருஷன் கொஞ்சம் தள்ளிப் பையோடு நின்றார். எத்தனை பிள்ளை, எங்கே இருக்கிறாய், வீட்டுக்காரர் எப்படி என்று எதையும் அவள் கேட்கவில்லை. கையை விடாமல் ஒன்றைத்தான் கேட்டாள்.

"ஏட்டி, கம்மா பெருகுச்சா?"

எனக்கு என்ன தெரியும். போன ஐப்பசியில் மழை பெய்ததா என்றுகூட நினைவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மழை என்றால் மாடியில் காயப்போட்ட துணிதான் ஞாபகம் வரும்.

"மறுகா பாஞ்சுது" என்றேன்.

அவள் முகம் அப்படியே மடிப்பு மேசை முகமாக மாறிற்று. அந்தத் தேர்க் கூட்டத்தில், மேளச் சத்தத்துக்கு நடுவே, வாயை என் காதருகே வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். வலைக் கரைக்கு நல்ல நூல் சேலையாகப் பார்த்து எடுத்து வை. வெளுக்காத துணிதான், மறந்துவிடாதே. சேத்தூர்க்காரிக்குச் சொல்லியனுப்பு. வாற பங்குனிக்கு எப்படியாவது வந்துருதேன் என்றாள். புருஷன் வண்டிக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டார். இரண்டடி போய்த் திரும்பினாள்.

"நாங்க பிடிக்கோம், நீ கலக்கு" என்றாள்.

பம்பாயிலிருந்து பங்குனிக்கு யாரும் வரமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த ஐப்பசியில் முதல் பெருமழை இறங்கியபோது மாடி நிறையத் துணி கிடந்தது. துணி நனையுது, எங்க போனா இவ என்று மாமியார் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். நனையட்டும் என்று நின்றேன். இன்னும் செத்த நேரம் பெய்யட்டும் என்று மேலே பார்த்துக்கொண்டே நின்றேன்.