மாடி அறையில் பூட்டி வைத்த டிரம்ஸ்காரர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய தெருக்களில் புரட்டாசி முழுக்க ஒரு வதந்தி உலவியது. கியர் கம்பெனி ஃபிட்டர் சபரிநாதன் தன் மாடி அறையில் ஒரு டிரம்ஸ்காரரைப் பூட்டி வைத்திருக்கிறாராம். ஆள் வடநாடாம், சம்பளம் கிடையாதாம், வெளியே விடுவதே இல்லையாம். கதை டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் அந்த ஆளுக்கு முழங்கால் வரை தாடியும் வளர்ந்துவிட்டது.

விசாரித்தால் முதல் சாட்சி வீட்டுக்காரம்மா குப்பம்மாள். "கண்ணால பாக்கலபா, காதால கேட்டேன். மூணு மணி நேரமா நிக்காம அடிக்கிறான். ஒரு மனுசன் தண்ணி குடிக்க மாட்டானா, ஒண்ணுக்குப் போவ மாட்டானா? ஊட்ட ஒரு ஆளுக்குத்தான் பேசி உட்டேன்."

மாடி ஏறிப் பார்த்தால் ஒரு கிட்டார், ஒரு பழைய ஸ்பீக்கர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியின் மேல் ஒரு செல்போன். டிரம்ஸ்காரர் அதற்குள்தான் இருந்தார். அவர் அங்கே குடிவந்த கதை இது.

சபரிநாதனுக்கு ப்ளூஸ் பித்து. கடலுக்கு அப்பால் கறுப்பின உழைப்பாளிகள் வயிற்றெரிச்சலை நிதானமாகப் பாடிப் பாடி உண்டாக்கிய இசை அது. சூப்பர்வைசரை நேரில் திட்ட முடியாத எவருக்கும் ஒத்துப்போகும். பன்னிரண்டு தாளக் கட்டங்கள் ஓடி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சுற்றும். சபரிநாதன் கிட்டார். பேக்கிங் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கும் வினோதா பாட்டும் பேஸ் கிட்டாரும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஜோஷ்வா டிரம்ஸ். மூன்று வருடமாக இவர்களுடைய ஒரே ரசிகர் ஜோஷ்வா வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி.

இந்த வருடம் ஆயுத பூஜை விழாவில் கியர் கம்பெனி இவர்களுக்கு இருபது நிமிடம் கொடுத்தது. மெல்லிசைக் குழுவுக்கு முன்னால், நாற்காலி போடும் நேரத்தில். குடும்பங்களோடு அறுநூறு பேர். "நல்லா இருந்தா வருசா வருசம் உங்களுக்குத்தான். இல்லன்னா இதோட சரி" என்று எச்.ஆர். அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு சபரிநாதனின் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த நேரம் பார்த்து ஜோஷ்வாவுக்கு ஷிப்டு மாறியது. "பிராக்டிசுக்கு வேற எதுனா பாத்துக்கோ நைனா. அன்னிக்கு நேரா ஸ்டேஜிக்கு வந்துட்றேன்" என்று போனை வைத்துவிட்டார். இருந்தது மூன்று வாரம்.

சபரிநாதன் இலவச டிரம்ஸ் தேடி இணையத்தில் இறங்கினார். முதல் தளம் இலவசம் என்று கூப்பிட்டு, உள்ளே போனதும் கார்டு நம்பர் கேட்டது. இரண்டாவதில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வெள்ளைக்காரம்மா வந்து வாங்கச் சொன்னார். மூன்றாவது நிஜமாகவே இலவசம்தான், ஆனால் வேகத்தைக் குறைக்க முடியாது. அதனோடு ஒரு முறை பாடிவிட்டு வினோதா கேட்டார்: "இன்னா சபரி இது, ப்ளூஸா? இல்ல பஸ்ஸ வுட்டவன் ஓடறானா?"

ஐந்தாம் நாள் ஒரு இணையப் பக்கம் கிடைத்தது. விளம்பரம் இல்லை, அழகும் இல்லை. எங்கோ ஒரு மனிதர் தானே அடித்துப் பதிவு செய்து, திரையில் திருகுகள் வைத்திருந்தார். வேகத்துக்கு ஒன்று. நேர்நடையை ப்ளூஸுக்கு வேண்டிய லேசான நொண்டல் நடையாக்க ஒன்று. சுற்று முடிந்ததைக் காட்ட எத்தனை கட்டத்துக்கு ஒருமுறை டிரம்ஸைப் படபடவென்று உருட்டி அடிக்க வேண்டும் என்பதற்கு ஒன்று. சபரிநாதன் முதல் இரண்டையும் திருப்பினார். மூன்றாவதில் எட்டு என்று இருந்தது. அதை அவர் தொடவில்லை.

ஒரு வாரம் நாசமானது. வினோதா ஒன்பதாவது கட்டத்துக்குப் போவதற்குள் டிரம்ஸ்காரர் உருட்டி முடித்துவிடுவார்.

"உன் ஆளு எனக்கு முன்னாடியே பஞ்ச் பண்ணிக்கினு ஊட்டுக்குப் போய்ட்றான்."

"நீதான் லேட்டா எடுக்கற."

"நானா? பன்னெண்டு விரல் விட்டு எண்றேன். இருக்கறதே பத்து." வினோதா போனைப் பிடுங்கிப் பார்த்தார். "இன்னா இது எட்டு?"

"கம்பெனி செட்டிங். அதத் தொடக்கூடாது."

பதினோரு வருடப் பழக்கம். அவருடைய தொழிற்சாலையில் வேகம் கூட்டுவதும் குறைப்பதும் ஆபரேட்டர் வேலை. சிவப்புப் பெயின்ட் அடித்த செட்டிங் நட்டை மட்டும் இன்ஜினீயர் கையெழுத்து இல்லாமல் எவனும் தொடக்கூடாது.

வினோதா அறையைச் சுற்றிப் பார்த்தார். "இன்ஜினீயர் எங்க?"

"எந்த இன்ஜினீயர்?"

"கையெழுத்துப் போட்றவரு. நாற்காலிக்கு அடியில கீறாரா?"

சபரிநாதன் நாற்காலிக்கு அடியில் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"குவாலிட்டி நான் பாஸ் பண்ட்டேன். திருப்பு!"

சபரிநாதன் கையைத் துடைத்துக்கொண்டு, எட்டைப் பன்னிரண்டாக்கினார். மறுசுற்றில் பாட்டு முடியும் இடத்தில் உருட்டல் வந்து விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் முதல் கட்டத்தில் கால் வைத்தார்கள். வினோதா பாட்டை நிறுத்தாமலே சிரித்தார். அன்றே அந்தத் தாளம் ஜோஷ்வாவுக்கும் போனது. அவர் கம்பெனி பஸ்ஸில் அதைக் கேட்டபடி மடியிலிருந்த ஹெல்மெட்டில் தட்டித் தட்டி, பக்கத்து சீட்டைக் காலி செய்தார்.

ஆயுத பூஜை அன்று இயந்திரங்கள் சந்தனமும் மாலையுமாக நிற்க, ஜோஷ்வா சேஃப்டி ஷூவோடு மேடையேறினார். ஒத்திகை இல்லை. வினோதா பாடினார்:

ஏழு மணி பஸ்சும் போச்சே, என் இன்சென்டிவும் போச்சே,
ஏழு மணி பஸ்சும் போச்சே, என் இன்சென்டிவும் போச்சே,
ஹெல்மெட்டு மட்டும் நிக்குது, தல எங்கியோ போச்சே.

பன்னிரண்டில் உருட்டல் கச்சிதமாக விழுந்தது. நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவற்றிலேயே உட்கார்ந்தார்கள். இரண்டாவது சுற்றில் பிரஸ் ஷாப் வரிசை மொத்தமும் எழுந்து பூட்ஸால் தாளம் போட்டது. இன்சென்டிவ் என்ற அந்த ஊக்கத்தொகையை நிறுத்திய மேனேஜரே தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். மெல்லிசைக் குழுவின் டிரம்ஸ்காரர் திரையை விலக்கி வாய் பிளந்து பார்த்தார். இருபது நிமிடம் முப்பத்தைந்தானது. எச்.ஆர். அதிகாரி மைக்கைப் பிடித்து, அடுத்த வருடமும் இவர்கள்தான் என்று அறுநூறு பேர் முன்னால் சொன்னார். இந்த முறை அவர் சிரித்தது சபரிநாதனுக்கு இனித்தது.

முன்வரிசையில் குப்பம்மாள் ஜோஷ்வாவை உற்றுப் பார்த்துவிட்டு, "இவந்தானா அது? பாவம், எளச்சிக்கீறான்" என்றார். சபரிநாதன் மறுக்கவில்லை. வெற்றி பெற்றவன் எதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்?

மறுநாள் நன்றி சொல்ல அந்தப் பக்கத்தைத் திறந்து, முதல்முறையாக அடிவரை இறக்கிப் படித்தார். 'பணம் வேண்டாம். இதை வைத்துப் பழகி மேடை ஏறினால், என் டிரம்ஸோடு நீங்கள் வாசித்த ஒரு பதிவை எனக்கு அனுப்புங்கள்.'

மேடை வீடியோவில் இருப்பது ஜோஷ்வாவின் டிரம்ஸ். அந்த மனிதரின் டிரம்ஸோடு வினோதாவின் போனில் பிடித்து வைத்த ஒரே பதிவு, எட்டில் உருட்டி இருவரும் திண்டாடிய அந்த நாசமான வாரத்தினுடையது. "இத்த அனுப்பி மானத்த வாங்காத. புதுசா ஒண்ணு எடுக்கலாம்" என்கிறார் வினோதா. அதற்கு இருவருக்கும் ஒரே நாளில் ஷிப்டு ஒத்துவர வேண்டும். பொங்கல் போய்விட்டது. பதிவு இன்னும் போகவில்லை.