எந்தப் புயல்வீரன் நிஜம்?

என் எட்டாவது பிறந்தநாளுக்கு ஒரே ஆள் இரண்டு பேராக வந்து சேர்ந்தார். அவர் பெயர் புயல்வீரன். பள்ளிவிட்டு வந்ததும் டிவியில் வரும் கார்ட்டூன் நாயகன். ஒரு கையை உயர்த்திச் சுழற்றினால் போதும், சூறாவளி கிளம்பிக் கெட்டவர்கள் எல்லாம் சருகாகப் பறப்பார்கள். அவருடைய பொம்மை வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டிருந்தேன். அப்பாவிடமும் கேட்டிருந்தேன். ஒருவர் வாங்குவது இன்னொருவருக்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் அப்போது அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

அம்மாவும் நானும் ஸ்ரீரங்கத்தில் சித்தி வீட்டில் இருந்தோம். அப்பா உறையூரில், முன்பு நாங்கள் மூவரும் இருந்த அதே வாடகை வீட்டில் இருந்தார். சனிக்கிழமை காலையில் சித்தி என்னைப் பஸ்ஸில் சத்திரம் பேருந்து நிலையம் வரை கூட்டிப் போவாள். அங்கே அப்பா வண்டியோடு நிற்பார். சாயங்காலம் அதே இடத்தில் என்னைத் திருப்பி ஒப்படைப்பார். ஏன் இப்படி என்று கேட்டால், "வேலை அப்படி" என்றார்கள். யாருடைய வேலை என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா வாங்கியது சத்திரத்தில் நடைபாதைக் கடையில். ஒரு சாண் உயரம். கை, கால், கழுத்து எல்லாம் திரும்பும். முதுகிலுள்ள பொத்தானை அழுத்தினால் இரண்டு கண்ணும் சிவப்பாக எரியும். மேலங்கி பிளாஸ்டிக், நிறம் பச்சை. அப்பாவுடையது எங்கிருந்தோ பெட்டியில் வரவழைத்தது. இரண்டு சாண் உயரம், நல்ல கனம். கறுப்புப் பீடத்தோடு சேர்த்து ஒட்டியிருந்ததால் எந்த மூட்டும் மடங்காது, கண்ணும் எரியாது. ஆனால் மேலங்கி நிஜத் துணி, நிறம் நீலம். முகமோ அப்படியே டிவியில் பார்த்த முகம். தாடையில் இருக்கும் தழும்பைக்கூட விடவில்லை. அதை அப்பா ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள் நிறுத்தியிருந்தார். அம்மா கொடுத்தவர் என் பள்ளிப் பையிலேயே குடியிருந்தார்.

இரண்டில் எது நிஜம் என்பதுதான் என் பிரச்சினை. முடிவு கட்டுவதற்காக டிவிக்கு ஓரடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டிவியில் அவர் மேலங்கி பகலில் நீலமாகவும் இரவில் பச்சையாகவும் தெரிந்தது. மார்பில் இருக்கும் சுழி, ஆரம்பப் பாட்டில் வலப்பக்கமாகவும் கதைக்குள் இடப்பக்கமாகவும் சுற்றியது. வரைந்தவர்களுக்கே தெரியவில்லை போலிருக்கிறது. ஒரு சனிக்கிழமை சின்னவரைக் கொண்டுபோய்ப் பெரியவர் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். ஒருவர் புயல்வீரன் என்றால் இன்னொருவர் யாரோ என்று தோன்றியது. திருப்பிப் பார்த்தால் அதுவும் அப்படியே தோன்றியது. எனக்குத் தலை சுற்றியது.

வீட்டுப் பெரியவர்கள் உதவி செய்வதற்குப் பதிலாக என்னையே கேட்டார்கள். "அங்க இருக்கறது இதைவிடப் பெரிசாமே? உனக்கு எதுடி பிடிச்சிருக்கு?" என்று அம்மா கேட்பாள். "பெருசோட முகம் அச்சு அசல்" என்று ஒரு நாள் உண்மையைச் சொன்னேன். அன்றைக்குத் தோசை தீய்ந்துவிட்டது. உறையூரில் அப்பாவும் அதையேதான் கேட்டார். "சின்னதுக்குக் கண்ணு எரியும்ப்பா" என்றேன். "ஓகோ" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொம்மைக்காக இவ்வளவு பெரிய மனிதர்கள் முகம் வாடுகிறார்களே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அதன் பிறகு யார் கேட்டாலும் தெரியாது என்றே சொல்லிவந்தேன். உண்மையிலேயே தெரியவும் இல்லை.

கடைசியில் வழி காட்டியது சித்திதான். அதுவும் வழி காட்டும் எண்ணமே இல்லாமல். கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று பரபரத்துக்கொண்டே எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல "எது சித்தி நிஜம்?" என்று ஆரம்பித்தேன்.

"தினமும் இதே பாட்டா? ரெண்டும் ஒரே ஆளுதான்டி. கோயில்ல பாத்ததில்லையா? உள்ள படுத்திருக்கற மூலவரும் பெருமாள்தான், பல்லக்குல வெளிய வர்ற உற்சவரும் பெருமாள்தான். அவரு பெரியவரு, நகர மாட்டாரு. இவரு சின்னவரு, ஊரெல்லாம் சுத்திட்டு வருவாரு. தலையை ஆட்டாம உக்காரு."

அவளுக்கு அது கேலி. எனக்கோ எல்லாம் சட்டென்று விளங்கிவிட்டது. எங்கள் தெருவழியே உற்சவர் போகாத மாதமில்லை. அவரும் உள்ளே படுத்திருப்பவரும் முகத்திலோ அளவிலோ ஒத்துப்போகிறார்களா என்று யாரும் ஸ்கேல் வைத்துப் பார்த்ததில்லை. பீடத்தோடு நகராமல் நிற்கும் அப்பாவின் புயல்வீரன் மூலவர். பையில் ஏறி ஆற்றைக் கடந்து போய்வரும் அம்மாவின் புயல்வீரன் உற்சவர். இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அன்றிலிருந்து சின்னவரைத் தாம்பாளத்தில் நிறுத்தி, ஐஸ்கிரீம் குச்சியில் காகிதக் குடை செய்து பிடித்து, கூடத்தைச் சுற்றிப் புறப்பாடு நடத்தினேன். சனிக்கிழமைகளில் அலமாரிக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அப்பா சிரித்தார். ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நாள் பள்ளிக்கு அனுப்பாமல் நல்ல கவுனாகப் போட்டுவிட்டு என்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார்கள். திருடர்கள்தான் அங்கே போவார்கள் என்று நினைத்திருந்ததால் படியேறும்வரை சித்தியின் கையை நான் விடவில்லை. தாழ்வாரத்தில் ஒரு பக்கம் அம்மாவும் சித்தியும் நின்றார்கள், எதிர்ப்பக்கம் அப்பா நின்றார். அவர் கையில் அந்தப் பெட்டி இருந்தது. என்னிடம் வந்து, "இனிமே இவரு உன்கிட்டயே இருக்கட்டும்டா கண்ணு" என்று கொடுத்தார். எனக்குப் பகீரென்றது. மூலவரைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டாரே!

உள்ளே ஒரு மேடம் இருந்தார். கண்ணாடி போட்டவர், குரல் மிருதுவாக இருந்தது. என்னிடம் மட்டும் பேச வேண்டும் என்று மற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னார். சாக்லேட் கொடுத்தார். பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பெரியவரை மேஜைமேல் நிறுத்தினார். பள்ளி இல்லாவிட்டாலும் தூக்கி வந்திருந்த பையிலிருந்து நான் சின்னவரையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

"யாரு வாங்கிக் குடுத்தாங்க?"

"இது அப்பா. இது அம்மா."

மேடம் கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்தார். "இவங்க ரெண்டு பேருல யாரு உன்கூட வீட்ல இருக்கணும்? பயப்படாம சொல்லு."

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல மூச்சுவிடாமல் சொன்னேன். "சின்னவருதான் என்கூட இருக்கணும். பெரியவரு அப்பா வீட்லயே இருக்கட்டும், மேடம். அவரு அங்கேயிருந்து நகரவே கூடாது. நான் சனிக்கிழமை சனிக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்துடுவேன்."

"அது போதுமா உனக்கு?"

"போதும். அப்படித்தான் இருக்கணும்."

மூலவர், உற்சவர் கதையையும் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. என் தலையைத் தடவிச் சித்தியிடம் அனுப்பிவிட்டு அம்மாவையும் அப்பாவையும் உள்ளே கூப்பிட்டார். கதவு முழுதாகச் சாத்தவில்லை. "குழந்தை ரொம்பத் தெளிவா இருக்கா" என்று மேடம் சொன்னது எனக்குக் கேட்டது. பெருமையாக இருந்தது. அதுவரை யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை.

வெளியே வந்ததும் அம்மா என்னை இறுகக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜெயித்தவர்கள் ஏன் அழுகிறார்கள், தோற்றவர்கள் யார், ஒன்றும் புரியவில்லை. அப்பா பெரியவரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். மூடியில் நீல மேலங்கி மாட்டிக்கொண்டது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. நான்தான் இழுத்துச் சரிசெய்தேன்.

"நீ சொன்ன மாதிரியே வீட்டுக்குக் கொண்டு போயிடறேன்டா" என்றார்.

"அதே எடத்துல வைங்கப்பா. நகத்தவே கூடாது."

"சரிடா" என்றார். சிரிக்கப் பார்த்தார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இரண்டு பேரில் உயர்ந்த இடத்தை அவருக்கல்லவா கொடுத்திருக்கிறேன்! உற்சவர் எத்தனை வீதி சுற்றினாலும் கடைசியில் மூலவரிடம்தானே திரும்பிப் போகிறார்? அப்பா ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

அப்பாவுக்கு நான் பார்த்துவைத்த பதவி அது. எனக்குத் தெரிந்த ஒரே மூலவரைப் பார்க்க எந்நேரமும் வரிசை நிற்கும். வெளியூரிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வருவார்கள், குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டுவார்கள். ஒரு நிமிடம் அதிகமாக நின்றால் "நகருங்க, நகருங்க" என்று தள்ளிவிடுவார்கள். உறையூர் வீட்டுக்கு ஞாயிறு முதல் வெள்ளி வரை யாருமே வரமாட்டார்கள் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.