இமைக்குள் இருந்த சுண்ணாம்பு

என் மச்சான் ராஜவேலுவின் வலது கண் போனதற்குக் காரணம் நான். ஆசிட் தெறித்துப் போய்விட்டது என்றுதான் தேவனாம்பட்டினத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். அவனும் அப்படித்தான் நம்புகிறான். உண்மையை முதலில் கேட்பது இதைப் படிக்கிற நீங்கள்தான்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதை ஒரு சாக்காகச் சொல்கிறேனா? இருக்கலாம்... முழுவதும் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

சுனாமிக்குப் பிறகு நான் கடலுக்குப் போகவில்லை. படகு போனது ஒரு காரணம், பயம் இன்னொரு காரணம். என் மனைவியின் தம்பி ராஜவேலுவும் என்னோடு கரைவேலைக்கு வந்துவிட்டான். கடலூரில் புது வீடுகள் நிறைய எழும்பிய நேரம் அது. டைல்ஸ் ஒட்டி முடித்த வீடுகளில் சிமெண்ட் கறையை ஆசிட் போட்டுக் கழுவித் தருவோம். பழைய பாத்ரூம்களில் டைல்ஸ் இடுக்கில் ஊறிப்போன கறுப்பையும் மஞ்சளையும் எடுத்துக் கொடுப்போம். வேலைக்கு என் கை, பேச்சுக்கு அவன் வாய். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்டால் நான் அவன் முகத்தைப் பார்ப்பேன்.

ஆசிட் விற்ற கடைக்காரர் நல்ல மனிதர். முதல் தடவை கேனைக் கொடுக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னார்.

“மொதல்ல பக்கெட்ல தண்ணி. அப்புறம்தான் அதுல ஆசிட்ட கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். மாத்தி ஊத்துனீங்க, மூஞ்சில அடிக்கும். ஜன்னலத் தொறந்து வச்சிக்குங்க. பிளீச்சிங் பவுடர அது பக்கத்துலயே காட்டக் கூடாது, அந்தப் புகை நெஞ்சப் புடிச்சிக்கும். மேல பட்டுச்சின்னா தண்ணி... ரொம்ப நேரம் தண்ணி. வேற ஒண்ணும் வேணாம்.”

கண்ணுக்குப் போடுகிற பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். ராஜவேலு அதை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

“இன்னா மாமா, எப்பிடி இருக்கேன்? இதோட வீட்டுக்குப் போனா தேவகி திருடன்னு நெனச்சி வெளக்கமாத்த எடுத்துருவா.”

தேவகி அவன் மனைவி. கடைக்காரரும் சிரித்துவிட்டார். கையுறை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

சிதம்பரத்தில் கோயில் வீதியில் ஒரு லாட்ஜ். மார்கழித் திருவிழாவுக்குக் கூட்டம் வருமுன் எல்லா பாத்ரூம்களையும் கழுவிவிட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். மாடியில் கடைசி அறை. குழாயைத் திறந்தேன், தண்ணீர் வரவில்லை. வராந்தாவின் கோடியில் ஒரு டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. அங்கே போய் எடுத்துவர அலுப்பாக இருந்தது. பக்கெட்டில் முதலில் ஆசிட்டை ஊற்றினேன். குழாயடியில் வைத்தேன். தண்ணீர் வரும்போது தானாக நிரம்பட்டும் என்று குழாயைத் திறந்தே விட்டேன்.

மாற்றித்தான் செய்கிறோம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ராஜவேலு குனிந்து சுவரின் அடிவரிசை இடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தான். குழாய் உறுமியது. உள்ளே அடைபட்டிருந்த காற்றும் தண்ணீரும் சேர்ந்து ஒரே வேகத்தில் பக்கெட்டில் விழுந்தன. என் கால்சட்டையில் பட்டது. அவன் முகத்தில் பட்டது.

“மாமா, கண்ணு” என்றான். அலறக்கூட இல்லை.

அவனைத் தோளோடு அணைத்து டிரம்முக்கு இழுத்துப் போனேன். நாலைந்து குவளை ஊற்றினேன். “எரியுது மாமா, எரியுது” என்றான். இன்னும் ஊற்றியிருக்க வேண்டும். டிரம் நிறைய இருந்ததே... அரை மணி நேரம் ஊற்றியிருக்கலாமே! தண்ணீர் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கெளுத்தி முள் குத்தினால் சுண்ணாம்பு வைப்போம். குளவி கொட்டினாலும் சுண்ணாம்புதான். வேலையிலும் நான் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு அடித்த சுவரில் ஆசிட் பட்டால் நுரைத்துப் பொங்கும், பிறகு அடங்கிவிடும். ஆசிட்டின் வேகத்தைச் சுண்ணாம்பு தின்றுவிடும் என்று நானாகவே ஒரு கணக்கு வைத்திருந்தேன். நான் வெற்றிலை போடுகிறவன். கால்சட்டைப் பையில் சுண்ணாம்பு டப்பா இருந்தது. விரலால் வழித்து அவன் கன்னத்தில் பூசினேன். கண்ணுக்குக் கீழே பூசினேன். மூடிய இமைமேலும் பூசினேன்.

அவன் முகம் நனைந்திருந்தது. கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பு கரைந்து உள்ளே போயிற்று. அவன் துடித்தான். “ஆசிட் உள்ள போவுது மாமா, இன்னும் தண்ணி ஊத்து” என்றான். எது எரிகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆட்டோவில் போகும்போது அவன் தலை என் மடியில் இருந்தது. கன்னத்தில் காய்ந்து ஒட்டியிருந்த வெள்ளையைத் துண்டால் துடைத்தேன். ஏன் துடைத்தேன்? வலிக்கிற பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்ததாக இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வேறு காரணம் அப்போதே என் மனதில் இருந்ததா? தெரியவில்லை... சத்தியமாகத் தெரியவில்லை.

சுண்ணாம்பு பூசியது அறியாமை. அதற்காக மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர். கண்ணில் தூசி விழுந்ததற்கு யாரோ சொல்லி விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் அவரைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். “கண்ணுன்னா என்ன கொழம்புச் சட்டியா? கெடச்சதையெல்லாம் ஊத்திக்கிட்டு வர்றீங்க?” காத்திருந்த கூட்டம் சிரித்தது. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து நாங்கள். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஆசிட்டா? என்ன பண்ணீங்க?”

“தண்ணி ஊத்துனங்க.”

“வேற எதாவது போட்டீங்களா? உண்மையச் சொல்லுங்க.”

அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன.

“இல்லைங்க. தண்ணி மட்டும்தாங்க.”

“பரவால்லயே, வெவரமான ஆளா இருக்கீங்க” என்றார் டாக்டர். அந்தப் பெரியவரிடம் திரும்பி, “பாத்துக்கோங்க, இவரு செஞ்சிருக்காரு பாருங்க, அதுதான் சரி” என்றார்.

உள்ளே கொண்டுபோய்க் குழாய் வைத்து வெகுநேரம் கழுவினார்கள். ராஜவேலு வலியில் கண்ணைத் திறக்கவே விடவில்லை. இமை வீங்கிக் கிடந்தது. இமைக்கு அடியில் ஒளிந்திருந்ததை அன்று யாரும் பார்க்கவில்லை. அங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டியவன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை. அவன் மனைவி தேவகி ஈரத்துணியால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

“அண்ணே, ரெப்ப ஓரத்துல வெள்ளையா மாவாட்டம் என்னமோ இருக்குது. டாக்டர் வந்தா சொல்லவா?”

கடவுள் எனக்கு இரண்டாவது தடவையும் கதவைத் திறந்துவிட்டார். கூட்டம் இல்லை. அதட்டுகிறவர் இல்லை. எதிரில் நின்றது என் வீட்டுப் பெண்.

“டைல்ஸுக்குப் போடற வெள்ள சிமெண்டும்மா. அது தானா வந்துரும். அதுக்குப் போயி டாக்டர தொந்தரவு பண்ணாத” என்றேன்.

அவள் சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பினாள்.

அதற்கடுத்த நாள் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. டாக்டர் இமையைப் புரட்டிப் பார்த்தார். உள்ளே மடிப்பில் துணுக்குத் துணுக்காக ஒட்டியிருந்தது. கண்மணியின் மேல் பால் படிந்தாற்போல் ஆகிவிட்டிருந்தது. தேவகிதான் பக்கத்தில் நின்றாள். “வெள்ள சிமெண்டுன்னு நெனச்சம் சார், நேத்தே பாத்தேன்” என்று சொல்லிவிட்டாள். டாக்டர் அவளிடம் சத்தம் போட்டார். சிமெண்ட், சுண்ணாம்பு எல்லாம் ஆசிட்டைவிட மோசம், உள்ளே இருக்க இருக்க அரித்துக்கொண்டே போகும், நேற்றே சொல்லியிருந்தால் கொஞ்சமாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

“நீ பாத்தியாம்மா? பாத்துட்டு எப்பிடிம்மா சும்மா இருந்த?”

அவள் என் பக்கம் திரும்பவில்லை. அண்ணன்தான் வேண்டாம் என்றார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாளா? நான் சொன்னது மறந்தே போயிற்றா? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று வருஷம் ஆகிறது. ராஜவேலு இப்போது பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகு தள்ளுகிறான். பயணிகள் கண்ணைப் பற்றிக் கேட்டால் கதை சொல்வான். “எங்க மாமா மட்டும் இல்லன்னா ரெண்டும் போயிருக்கும் சார். டாக்டரே பாராட்டுனாரு” என்பான். ஒருநாள் அதே படகில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நானும் கைகூப்பினேன்.

ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “மச்சான், அன்னிக்கி லாட்ஜுல...” என்று ஆரம்பித்தேன். “வுடு மாமா, போன கண்ணு வரவா போவுது? கொழம்பு ஊத்திக்க” என்றான்.

அவனையாவது தாங்கிக்கொள்ளலாம். அவன் சிரிக்கிறான். தேவகியைத்தான் என்னால் பார்க்க முடிவதில்லை. அவள் இன்னும் அந்தக் காலைப்பொழுதிலேயே நிற்கிறாள்.

போன மாதம் அவர்கள் மகனுக்குக் காய்ச்சல். ராஜவேலு படகில் இருந்ததால் நான்தான் அவளையும் பையனையும் கடலூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்றுதான் கேட்டார். அவள் நிறுத்தவே இல்லை.

“நேத்துலருந்துங்க. முந்தாநேத்து மழையில நனஞ்சான். கடயில ஐஸ் வாங்கித் தின்னான். மத்தியானம் எறா சாப்ட்டான், நாலுதான் சாப்ட்டான். காலுல ஒரு செராப்பு இருக்குது, அதுல மஞ்சள் வச்சேன், வச்சது தப்புங்களா? ராத்திரி ஒரு தடவ இருமுனான்...”

“போதும்மா, போதும். சாதா காய்ச்சல்” என்றார் டாக்டர், சிரித்துக்கொண்டே.

அவளுக்குப் போதவில்லை. விரல்விட்டு எதையோ எண்ணிப் பார்த்தாள். பிறகு கலங்கிய முகத்தோடு என் பக்கம் திரும்பினாள்.

“நான் எதாவது சொல்லாம வுட்டுட்டனா அண்ணே?”

வாயைத் திறந்தேன்.

“இல்லம்மா. நீ எல்லாத்தையும் சொல்லிட்ட” என்றேன்.