ஒரு கிராமில் மூன்று கிரவுண்டு

"நாலு... அடங்கு, கலங்காதே... அஞ்சு" என்று எண்ணியபடியே டயானா பொடியைக் கழுவுகிறார். புனலில் வடிதாள், வடிதாளில் வெள்ளைப் பொடி, அதன் மேல் வெந்நீர். ஏழு தண்ணீர் கழுவ வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை இயற்றியவர் அவருடைய அம்மா ரோஸி, நெத்திலிக்காக இயற்றினார். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் முப்பது வருடமாக மீன் விற்கும் ரோஸிக்கு, தன் சட்டம் அடையாறில் ஒரு கல்லூரியின் மூன்றாம் மாடி வரைக்கும் அமலில் இருப்பதில் பெருமை ஒன்றும் கிடையாது. "மீன கழுவுடின்னா மூக்க பொத்திக்கினு ஓடுவா. இப்ப அங்க போயி மண்ண கழுவிக்கினு கீறா" என்பதுதான், மகளின் முனைவர் பட்ட ஆய்வைப் பற்றி அக்கம்பக்கத்தாருக்கு அவர் வழங்கும் சுருக்கம்.

மண் என்று சொன்னால் டயானாவுக்கு மூக்கு விடைக்கும். முப்பத்தாறு வயது, மூக்கு விடைப்பதற்கு வேண்டிய அனுபவம் உண்டு. பொடியின் பெயர் சிலிக்கா. மணலுக்கு நெருங்கிய உறவுதான், மறுப்பதற்கில்லை. "மணலு உள்ள கெட்டி நைனா. இது பூரா சந்துபொந்து. நம்ம குப்பம் மாதிரி" என்பார், மண் என்று சொன்னவரிடம். அந்தச் சந்துகளின் சுவர்களை எல்லாம் பிரித்து விரித்தால், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிரவுண்டு மனை, அதாவது ஏழாயிரம் சதுர அடிக்கு மேல், தேறும். அடையாறில் மூன்று கிரவுண்டு வைத்திருப்பவர்கள் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போவார்கள். டயானாவிடம் இருபது கிராம் இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு போகிறார்.

இடம் இருந்தால் போதுமா, ஆள் குடியேற வேண்டாமா? சந்துச் சுவர்களில் அமிலத்தைக் குடிவைப்பதுதான் டயானாவின் தொழில். பெசன்ட் நகர் கடற்கரையில் பஜ்ஜி பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை டீசலாக மாற்றுவதற்கு அமிலத்தின் தயவு வேண்டும். திரவ அமிலத்தை ஊற்றினாலும் காரியம் நடக்கும். அப்புறம் அதைத் தனியே பிரித்தெடுப்பதற்குள் பிராணன் போய்விடும். "திடமா இருந்துச்சுன்னு வெச்சிக்கோ, வேலைய முடிச்சிட்டு ஓரமா குந்திக்கும். வடிகட்டு, கழுவு, மறுபடி வேலைக்கு வுடு. ஒரு வார்த்த எதுத்துப் பேசாது. மன்சங்கள்ல அப்பிடி ஒருத்தன காட்டு பாப்போம்." கல்யாணப் பேச்சு எடுத்த ரோஸிக்கும் இதையே பதிலாகத் தந்திருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், குடிவந்த அமிலம் முதல் தண்ணீரிலேயே வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடும். ஒரு தடவை அல்ல, பதின்மூன்று தடவை. பதின்மூன்று பொடிகளும் பெயர் இல்லாமலேயே மறைந்தன. சோதனையில் தேறாத பொடிக்குச் சீட்டு ஒட்டுவதில்லை என்று டயானாவுக்கு ஒரு கொள்கை. "பொறக்காத புள்ளைக்குப் பேரு வெக்கக் கூடாது." ஆய்வுக்கூட விதிகள் இதற்கு நேர் எதிராகச் சொல்கின்றன. விதிகளை எழுதியவர்கள் பதின்மூன்று முறை தோற்றவர்கள் அல்லர்.

பதினாலாவதைத் தொடங்கிய அன்று பேராசிரியர் ஜவஹர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். தூத்துக்குடிக்காரர், இடியைக்கூட மெதுவாகத்தான் இறக்குவார். "இதுவும் கழண்டு போச்சுன்னா தலைப்ப மாத்திருவோம் டயானா. மூணு வருசம் ஆயிட்டுல்லா?" தலைப்பை மாற்றுவது என்றால் மூன்று வருடத்தைக் கழுவி ஊற்றிவிட்டு, முதலிலிருந்து தொடங்குவது. டயானா அன்று சாயங்காலம் வேளாங்கண்ணி மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். மறுநாள் போகிற வழியில் பிள்ளையாருக்கும் ஒரு தோப்புக்கரணம் போட்டதாகக் கேள்வி.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் பதினாலாவது பொடி ஏழு தண்ணீரையும் முடித்து, உலர்ந்து, பீங்கான் கிண்ணத்தில் ஆறிக்கொண்டிருந்தது. சீட்டு கிடையாது. சாப்பிட்டுவிட்டு வந்து அமிலம் நிற்கிறதா என்று சோதிக்கலாம் என்று டயானா கீழே இறங்கினார். ஆய்வுக்கூட உதவியாளர் அம்பி அந்த நேரத்தில்தான் வாசலில் கோலத்தைத் தொடங்கியிருந்தார். மயிலாப்பூர்க்காரர். ஆயுத பூஜை என்றால் தராசு முதல் தீயணைப்புக் கருவி வரை ஒன்றையும் பொட்டில்லாமல் விடாதவர். மறுநாள் விடுமுறை என்பதால் ஆய்வுக்கூடத்தில் அன்றே பூஜை; அதோடு, புதிதாக வந்திருந்த உலர்த்தும் அடுப்புக்கு ஆரத்தியும் எடுப்பதாக ஏற்பாடு.

டயானா திரும்பி வந்தபோது எட்டு இதழ்த் தாமரை ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. அம்பி ஆரத்தியைச் சுற்றி முடித்து, சிவந்த நீரைக் கோலத்தின் நடுவில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா, சோக்கா போட்டுக்கீற!"

"பாதியில கோலப்பொடி தீந்துபோயிடுத்தும்மா. நல்லவேளை, மேஜை மேல பீங்கான் கிண்ணத்துல கொஞ்சம் இருந்துது. ஆனா மட்டமான சரக்கு. ஃபேன் காத்துக்கே பறக்கறது, கம்பியே இழுக்க வரலை. எங்காத்துல இதைத் தொடக்கூட மாட்டா."

டயானா மேஜையைப் பார்த்தார். கிண்ணம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அப்படியே வாசலில் குந்திவிட்டார்.

"மாமா, அது என் பதினாலு."

"எது?"

"நீ போட்டுக்கீறியே, அந்தத் தாமர."

"அதுல பேரே எழுதலையேம்மா!" என்றார் அம்பி ஈனசுரத்தில். நியாயமான கட்சிதான். பிறகு கோலத்தைப் பார்த்தவர் இன்னும் வெளிறிப்போனார். "ஐயோ, ஆரத்தி மஞ்சளாப் போயிடுத்தே! நாப்பது வருஷத்துல இப்படிப் பார்த்ததில்லை. அபசகுனம்."

டயானா குனிந்தார். தாமரையின் இந்தப் பக்கத்து நாலு இதழ்கள் அம்பியின் சொந்தக் கோலப்பொடி. அங்கே ஆரத்தி செக்கச் செவேலென்று கிடந்தது. அந்தப் பக்கத்து நாலு இதழ்கள் பதினாலாவது பொடி. அங்கே அதே நீர், அதே நிமிடத்தில், பச்சை மஞ்சளை அரைத்து அப்பினாற்போல மாறியிருந்தது.

"ஆரத்தில இன்னா மாமா கலந்த?"

"வழக்கமா கலக்கறதுதான். மஞ்சளும் சுண்ணாம்பும்."

ஆரத்தியின் சிவப்பு சுண்ணாம்பு தந்த சிவப்பு. சுண்ணாம்பை அமிலம் முறித்துவிட்டால் மஞ்சள் தன் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். அப்படியானால் பொடியில் அமிலம் இருக்கிறது. ஏழு தண்ணீர் கழுவியும் போகாமல், சந்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அம்பி அறியாமல் நடத்தியது ஒரே தரையில், ஒரே நீரில், இரண்டு பொடிகளை அருகருகே வைத்த ஒப்பீட்டுச் சோதனை. ஆய்வுக்கட்டுரைகளில் இவ்வளவு நேர்த்தியாகச் செய்பவர்கள் குறைவு.

"காலி பண்ல மாமா! காலி பண்ல!"

"யாரும்மா காலி பண்ணலை?"

டயானா அம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துச் சுற்றினார். தட்டு எங்கோ உருண்டது. சத்தம் கேட்டு ஜவஹர் அறையிலிருந்து வந்தார்; வந்தவரின் ஷூ கோலத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"சார், மெறிச்சிடாத! அங்கியே நில்லு!"

மூன்று வருடத்தில் டயானா அவரை ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் தடவை. பேராசிரியர் நின்றார். சிவப்பு இதழ்களைப் பார்த்தார், மஞ்சள் இதழ்களைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கணக்கா சோதிச்சு எனக்கு அளவு வேணும்," என்றார். அறைப் பக்கம் திரும்பியபடி, "தலைப்பு இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

"தரையில கொட்டினதை இனிமே என்னம்மா பண்றது?" என்று அம்பி கேட்டார்.

"இன்னா மாமா, திடப்பொருளு. கூட்டி எடுத்து, மறுபடி கழுவி, அமிலத்துல ஒரு முழுக்கு போட்டா எழுந்துக்கும்."

மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். கூட்டுவதற்கு வாட்டமான கரண்டி எதுவும் எட்டும் தூரத்தில் இல்லை. எழுந்து போய்த் தேடிக்கொண்டிருக்கவும் மனமில்லை. கழுத்தில் தொங்கிய ஆராய்ச்சி மாணவி அடையாள அட்டையைக் கழற்றி, தன் படம் தரையில் படும்படி படுக்கவைத்து, தாமரையை இதழ் இதழாக வழிக்கத் தொடங்கினார் டயானா.