சப்பாத்து மாட்டும்போது சொன்ன பதில்

ஒரு கேள்வியில் ஒரு விஷயத்தைத்தான் கேட்க வேண்டும். கருத்துக்கணிப்பு வேலைக்குச் சேர்கிற எவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விதி இது. போன கிழமை கண் பரிசோதனை முடித்து மெட்ரோவில் ஏறி உட்கார்ந்ததும் கைத்தொலைபேசி சிணுங்கியது. "மருத்துவரின் கவனிப்பும் காத்திருப்பு அறையின் சுத்தமும் உங்களுக்குத் திருப்தி அளித்தனவா? ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் இடவும்." மருத்துவர் தங்கமான மனிதர். காத்திருப்பு அறையிலோ என் கதிரைக்குக் கீழே யாரோ பாதி தின்ற பேகல் ரொட்டி ஒன்று கிடந்தது. இரண்டுக்கும் பொதுவாக மூன்று நட்சத்திரம் போட்டேன். இனி அந்த மருத்துவர் நடுத்தரம். பேகலும் ஓரளவு சுத்தம்.

சிரித்தேன். ஆனால் சிரிக்கிற தகுதி எனக்குக் கிடையாது. இதே கேள்வியை, இதே பிழையோடு, பல வருடங்களுக்கு முன், பிரெஞ்சு பேசும் இந்த நகரின் லாசால் பகுதியில் நானே எழுதியிருக்கிறேன்.

அங்கே ஒரு சிறிய சமூக நிலையம் இருந்தது. சனிக்கிழமை காலைகளில் புதிதாக வந்தவர்களுக்குப் பிரெஞ்சு வகுப்பு. பக்கத்து அறையில் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கார்டெரி. வகுப்பு எப்படிப் போகிறது என்று தமிழ் வீடுகளில் கேட்டு வர என்னை அமர்த்தினார்கள். தமிழ் தெரிந்தவன், புள்ளிவிபரம் படித்தவன், எல்லாவற்றையும்விட முக்கியமாக, வேறு வேலை இல்லாதவன். வினாக்கொத்தையும் நானே தயாரித்தேன். அதில் நான்காவது கேள்வி: "வகுப்பும் கார்டெரியும் உங்களுக்குத் திருப்தியா?" ஒரு வரி மிச்சம் பிடித்த பெருமை எனக்கு.

நம்முடைய சனத்திடம் போய்த் திருப்தியா என்று கேட்பது எவ்வளவு வீண்வேலை என்று உங்களுக்குத் தெரியும். கதவு திறந்ததும் "வாங்கோ தம்பி, இருங்கோ" என்பார்கள். தேத்தண்ணி வரும், பிஸ்கட் வரும். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கிறவரிடம் குறை சொல்வது எங்களுக்குக் கைவராத கலை. அதிலும் அவர் படிவத்தோடு வந்திருக்கிறார். அகதி விசாரணைகளில் பதில் சொல்லிப் பழகியவர்களுக்குப் படிவம் என்றாலே சரியான பதில் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் ஆள் எழுந்து போய்விடுவார். போன வீடெல்லாம் ஓம் என்ற பதில்தான். இஞ்சித் தேத்தண்ணி மணத்தால் இன்றைக்கும் எனக்கு அந்த நான்காவது கேள்விதான் ஞாபகம் வருகிறது.

மனோகரி அக்கா வீட்டிலும் அதே இஞ்சித் தேத்தண்ணிதான். ஊரில் கணக்கு ரீச்சராக இருந்தவர். இங்கே கிழமை நாட்களில் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. பிரெஞ்சில் பேசும் பரீட்சையில் தேறினால் பள்ளிக்கூடத்தில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்தார். மூன்று வயது மகள் துளசி என் பேனாவைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

"வகுப்பும் கார்டெரியும் திருப்தியோ அக்கா?"

"ஓம் தம்பி, நல்ல திருப்தி. இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி விடட்டே?"

அடையாளமிட்டுக்கொண்டு எழுந்தேன். அது பெப்ரவரி மாதம். குளிர்ச் சப்பாத்தை மாட்டி நாடாக்களைக் கட்டி முடிக்க, என்னைப் போன்ற தொந்திக்காரனுக்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். படிவம் பைக்குள் போய்விட்டது. நான் வாசலில் குனிந்திருந்தேன். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு அப்போதுதான் ஆரம்பித்தார்.

"கார்டெரியைப் பன்னிரண்டு மணிக்கே பூட்டிப்போடுவினம் தம்பி. வகுப்பு முடியப் பன்னிரண்டரை. கடைசி அரை மணித்தியாலம்தான் கதைச்சுப் பழக விடுறவை. நான் அதுக்கு முதலே இவளைத் தூக்கிக்கொண்டு வந்திடுவன். எழுதச் சொன்னா எழுதுவன். மூலைக்கடை டெப்பனர்க்காரன் பொன்ஷூர் எண்டு வணக்கம் சொன்னா மட்டும் தலையை ஆட்டிப்போட்டு வாறன்."

"இதை நான் கேக்கேக்க சொல்லியிருக்கலாமே!"

"திருப்தியோ எண்டெல்லோ கேட்டனீங்கள்? தேத்தண்ணியைக் கையில வைச்சுக்கொண்டு இருக்கிற மனிசனிட்ட இல்லையெண்டு என்னெண்டு சொல்லுறது?"

அதன் பிறகு போன வீடுகளில் நாடாவை வேண்டுமென்றே மெதுவாகக் கட்டினேன். சில இடங்களில் அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். கதிரையில் இருந்தபோது கிடைக்காத உண்மையெல்லாம் வாசலில் கொட்டியது. இன்னும் இரண்டு தாய்மாருக்கும் இதே பன்னிரண்டு மணிக் கதைதான்.

நிலையத்தின் பொறுப்பாளர் சிவப்பு மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மதாம். என் குறிப்புகளைப் பொறுமையாகப் படித்தார்.

"எல்லாரும் திருப்தி என்றல்லவா உங்கள் படிவம் சொல்கிறது, மிஸ்யூ?"

"படிவம் சொல்கிறது, மதாம். வாசலில் வேறு மாதிரிச் சொல்கிறார்கள்."

"வாசலில் சொன்னதைப் போடக் கட்டம் இல்லையே."

நடைமுறைப்படி அவர் சொன்னது சரி. கட்டம் போடாதவன் நான்தானே. அன்றைக்கே நான்காவது கேள்வியை வெட்டி எறிந்தேன். "போன சனிக்கிழமை எத்தனை மணிக்கு வகுப்பை விட்டுப் போனீர்கள்?" அதற்குக் கீழே தனியாக, "முன்னதாகப் போயிருந்தால், ஏன்?" நடந்ததைக் கேட்டால் மரியாதைக்கு ஓம் போட முடியாது. மறுபடி அதே வீடுகளுக்குப் போய், தேத்தண்ணி குடித்தபடியே கேட்டேன். எல்லாரும் மணியைச் சொன்னார்கள். பதில்களை இணைத்து, கார்டெரியை அரை மணித்தியாலம் நீட்டும்படி எழுதிக் கொடுத்தேன். எழுத்துமூலக் கோரிக்கைக்கு முப்பது நாளில் பதில் என்று நிலையத்தின் சுவரிலேயே ஒட்டியிருந்தது.

முப்பது நாள் போனது. இன்னொரு முப்பதும் போனது. அக்காவின் பரீட்சை நெருங்கியது. பிழை என்னுடையது என்பதால், சனிக்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்கு நிலையத்தின் நடைக்கூடத்தில் துளசியையும் மற்ற இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதற்கு எந்த விதியும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். "திருப்தி" என்று அடையாளமிட்ட பழைய படிவங்களின் பின்பக்கத்தில் துளசி யானை வரைந்தாள். அந்தத் தரவுகள் உருப்படியாகப் பயன்பட்டது அப்போதுதான். உள்ளே அக்கா கதைத்துப் பழகினார். பிந்தி வந்த பஸ்காரனோடு பிரெஞ்சில் சண்டை பிடித்ததை ஒருநாள் வந்து சொன்னபோதே, பரீட்சை தேறிவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தேறினார்.

இப்போது அந்த நிலையம் இல்லை. அந்த இடத்தில் ஓடாத சைக்கிளை மிதிக்கிற ஓர் உடற்பயிற்சிக்கூடம். கேள்வி கேட்க யாரும் வீட்டுக்கு வருவதில்லை. நட்சத்திரங்களுக்குத் தேத்தண்ணியும் இல்லை, கட்டுவதற்கு நாடாவும் இல்லை.

நிலையத்தின் பதில் வரவில்லை என்று நினைக்காதீர்கள். வந்தது. கார்டெரி இனிப் பன்னிரண்டரை வரை திறந்திருக்கும் என்று அழகான கடிதம். கூடவே ஒரு படிவம்: "எங்கள் பதிலும் அது கிடைத்த வேகமும் உங்களுக்குத் திருப்தியா?" கொண்டுபோய் மனோகரி அக்காவிடம் காட்டினேன். துளசியைப் பள்ளிக்கூடத்தில் முதல்நாள் விட்டுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கடிதத்தைத் தானே பிரெஞ்சில் உரக்க வாசித்தார்.

"ஓம் எண்டு போடுங்கோ தம்பி. பாவம், கேட்டு எழுதியிருக்கினம்."

ஓம் என்றே போட்டேன். கடிதம் கிடைத்த நாள் எது என்று தனியாக ஒரு கட்டம் இருந்தது. அந்த ஒரு கேள்வியில் எந்தப் பிழையும் இல்லை. அதில் நான் எழுதியது, என் வினாக்கொத்துக்கு இரண்டரை வருடம் கழித்து வந்த ஆகஸ்ட் இருபத்தொன்பது.